கடைமடைக்கும் தண்ணீர் போகணும்: வால்ஹைமில் கட்டிய வீடு நிற்பதும் விழுவதும்

வால்ஹைம் என்ற கணினி விளையாட்டில் என் முதல் பெரிய கூடத்துக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கச் சுவர்களிலிருந்தும் கூரைத் துண்டுகளை ஒவ்வொன்றாக மேலே ஏற்றிக்கொண்டு வந்து, மோடு சேர வேண்டிய இடத்தில் கடைசித் துண்டை வைத்தேன். வைத்த மறுநொடி 'படக்'கென்று உடைந்து மரம் தரையில் சிதறியது. சரியாகப் பொருந்தவில்லையோ என்று மறுபடி வைத்தேன். மறுபடி உடைந்தது. சுவருக்குத் தெம்பு போதவில்லை என்று முடிவுகட்டி, சுவரோரம் வரிசையாகத் தூண்களை நட்டேன். ஒரு பக்கத்துக்குப் பத்துத் தூண். அப்புறமும் அந்தக் கடைசித் துண்டு நிற்கவில்லை.

இந்த விளையாட்டில் வீடு கட்டத் தொடங்கும் பலரும் இதே இடத்தில்தான் முட்டிக்கொள்கிறார்கள். நிஜ வீட்டைப் பார்த்துப் பழகிய நம் புத்தி, 'தாங்கவில்லை என்றால் இன்னும் நாலு தூண் வை' என்று சொல்கிறது. வால்ஹைம் அந்தக் கணக்கில் ஓடவில்லை. அது எந்தக் கணக்கில் ஓடுகிறது என்று ஒருமுறை புரிந்துவிட்டால், பிறகு எவ்வளவு பெரிய கோட்டையையும் பயமில்லாமல் எழுப்பலாம்.

தெரியாதவர்களுக்காக: வால்ஹைம், சுவீடனின் அயர்ன் கேட் நிறுவனம் 2021 பிப்ரவரி 2 அன்று முன்னோட்டப் பதிப்பாக வெளியிட்ட விளையாட்டு. போரில் மாண்ட வைக்கிங் வீரராக ஒரு காட்டில் வந்து இறங்குவீர்கள். மரம் வெட்டணும், வேட்டையாடணும், இருட்டுவதற்குள் தலைக்குமேல் ஒரு கூரை வேண்டும். மைன்கிராஃப்டில் மரத்தின் அடியை வெட்டினாலும் மேல்பாதி அந்தரத்தில் நிற்கும். வானத்தில் வீடு கட்டலாம். இங்கே அது நடக்காது. வைக்கும் ஒவ்வொரு பலகையும் ஏதோ ஒரு வழியில் தரையோடு தொடர்பில் இருக்க வேண்டும். அந்தத் தொடர்பு எவ்வளவு தூரத்துக்குச் செல்லுபடியாகும் என்பதுதான் எல்லாமே.

தலைமடையும் கடைமடையும்

ஒரு வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். மதகுக்குப் பக்கத்தில் இருக்கும் வயலுக்குத் தண்ணீர் நிறையக் கிடைக்கிறது. போகப் போக மண் உறிஞ்சுகிறது, கசிகிறது, அளவு குறைகிறது. கடைமடை வயலுக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். ஒரு கட்டத்துக்குமேல் பயிர் வைக்கவே தண்ணீர் பற்றாது.

வால்ஹைமில் தரைதான் மதகு. தரையைத் தொடும் தூணுக்கு முழு அளவு கிடைக்கிறது. அதன்மேல் வைக்கும் தூண் கீழே இருப்பதிடமிருந்து வாங்கிக்கொள்கிறது, ஆனால் வழியில் கொஞ்சம் போய்விடுகிறது. அதற்கும் மேலே உள்ளதற்கு இன்னும் குறைவு. இப்படி ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டிடமிருந்து வாங்கி, அடுத்ததற்குக் கொடுக்கிறது. தனக்கு வேண்டிய குறைந்தபட்சம்கூடக் கிடைக்காத துண்டு உடைந்து விழும்.

இதில் எடை என்ற பேச்சே இல்லை. மேல்மாடியில் கல் நிரப்பிய பெட்டிகளை எத்தனை அடுக்கினாலும் கீழ்த்தூணுக்கு ஒன்றும் ஆகாது. 'மேலே கட்டக் கட்ட அடித்தளம் நொறுங்கிவிடுமோ' என்று பயப்படவே வேண்டாம். பாதிப்பு எப்போதும் தரையிலிருந்து தூரத்தில் இருக்கும் துண்டுக்குத்தான். ('செவன் டேஸ் டு டை' என்ற இன்னொரு விளையாட்டை விளையாடிவிட்டு வருகிறவர்கள் இங்கே குழம்புவார்கள். அதில் ஒவ்வொரு கட்டைக்கும் எடை உண்டு, அந்தரத்தில் நீட்டிய பகுதி எவ்வளவு எடை தாங்கும் என்பதற்கு வரம்பு உண்டு. அந்தப் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள்.)

வாய்க்கால் உவமை ஓரிடத்தில் மட்டும் பொருந்தாது. அந்த இடம்தான் என்னைப் பத்துத் தூண் நட வைத்தது. நிஜத்தில் இரண்டு வாய்க்கால் வந்து சேர்ந்தால் வயலுக்கு இரண்டு மடங்கு தண்ணீர். வால்ஹைமில் அப்படிக் கூட்டிக்கொள்வதில்லை. ஒரு துண்டைச் சுற்றி எத்தனை தாங்கல் இருந்தாலும், அவற்றில் எது அதிகம் கொடுக்கிறதோ அதைத்தான் எடுத்துக்கொள்ளும். ஒரே உயரத்தில், ஒரே மரத்தில், பக்கத்துப் பக்கத்தில் பத்துத் தூண் இருந்தாலும் ஒரு தூணுக்குண்டான பலம்தான். ஆகவே 'எத்தனை தூண்' என்று எண்ணாதீர்கள். 'இந்தப் பலகையிலிருந்து தரைக்கு இருப்பதிலேயே நல்ல வழி எது, அது எவ்வளவு நீளம்' என்று பாருங்கள்.

சுத்தியலை எடுத்தால் நிறம் தெரியும்

இதையெல்லாம் மனக்கணக்காகப் போட வேண்டியதில்லை. சுத்தியலைக் கையில் எடுத்துக்கொண்டு எந்தத் துண்டை உற்றுப் பார்த்தாலும் அது நிறம் மாறும். நீலம் என்றால் முழு அளவு. அடுத்தது பச்சை, பிறகு மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் சிவப்பு. சிவப்பு என்றால் கடைமடை; அதற்குமேல் எதை வைத்தாலும் நிற்பது சந்தேகம்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். அரைமணி நேரம் ஆகும், ஆனால் நான் எழுதுவதை எல்லாம் படிப்பதைவிட அது நன்றாகப் புரியவைக்கும். சமமான தரையில் 2 மீட்டர் மரத்தூண் ஒன்றை நட்டு, அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று என்று ஏற்றிக்கொண்டே போங்கள். ஏறிப்போகப் பக்கத்தில் சாரம் கட்டிக்கொள்ளுங்கள்; சாரம் தூணைத் தொடக் கூடாது. முதல் தூண் நீலம். இரண்டாவதும் மூன்றாவதும் நல்ல பச்சை. நான்காவதில் பச்சை வெளிறத் தொடங்கும். ஆறு ஏழு வரும்போது ஆரஞ்சு. எட்டாவது சிவப்பாக, தொட்டால் விழுந்துவிடும்போல நிற்கும். ஒன்பதாவதை வைத்தால் உடையும். எட்டுத் தூண், 16 மீட்டர். சாதா மரத்தின் உயரம் அவ்வளவுதான்.

பின்னால் இருக்கும் கணக்கு இது. சாதா மரத்தின் முழு அளவு 100, நிற்கத் தேவையான குறைந்தபட்சம் 10. செங்குத்தாக ஏறும்போது மீட்டருக்கு 12.5 சதவீதம் குறையும். மூட்டுக்கும் சொற்பம் போகும். 2 மீட்டர் தூணுக்கு ஏறக்குறைய 26 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். கவனியுங்கள், அது கையில் மிச்சம் இருப்பதில் 26 சதவீதம். அதனால் வரிசை இப்படி இறங்குகிறது: 100, 74, 54, 40, 30, 22, 16, 12. அடுத்தது 9, பத்துக்குக் கீழே போய்விட்டது, ஆகவே நிற்காது.

அடுத்து, அதே மரத்தைப் பக்கவாட்டில் நீட்டுங்கள். இப்போது மீட்டருக்கு 20 சதவீதம் போகும். 2 மீட்டர் விட்டம் ஒன்றுக்கு 42 சதவீதம்! நீலமாக இருக்கும் விட்டத்திலிருந்து நீட்டினால் 58, 34, 20, 11 என்று விழுந்து, நான்கோடு கதை முடியும். என் கூரை ஏன் விழுந்தது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. சாய்வான துண்டுகளுக்கு இழப்பு இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது. சரிவு செங்குத்தாக இருந்தால் குறைவு, படுத்திருந்தால் அதிகம். மேலே இருக்கும் விட்டத்திலிருந்து ஒன்றைக் கீழே தொங்கவிட்டால் பக்கவாட்டுக் கணக்குதான். தொங்குவதற்குச் சலுகை கிடையாது.

கூடத்துக்குத் திரும்புவோம்

என் கூடம் 16 மீட்டர் அகலம். சுவர் 4 மீட்டர் உயரம். சுவரின் தலைக்கு வரும்போதே 100 என்பது 74 ஆகிவிட்டது. அங்கிருந்து கூரைத் துண்டுகள் சாய்வாக ஏறி, நடுவுக்கு 8 மீட்டர் உள்ளே வர வேண்டும். முதல் துண்டு பச்சை, அடுத்தது மஞ்சள், மூன்றாவது சிவப்பு, நான்காவது உடைந்தது. சுவரோரம் நட்ட பத்துத் தூணும் சுவரின் தலைக்கு அதே 74ஐத்தான் கொண்டுபோய்ச் சேர்த்தன. மோட்டுக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை.

சரி செய்தது எப்படி என்றால், கூடத்தின் நடுவில் தரையிலிருந்து மோடு வரை தூண் நிறுத்தி, அதன்மேல் மோட்டுவளையை ஓட்டினேன். இப்போது கூரையின் உச்சித் துண்டு, சுவர் வழியாகச் சுற்றிக்கொண்டு வர வேண்டியதில்லை. நேராக மோட்டுவளை, அங்கிருந்து தூண், அங்கிருந்து தரை. உடனே உச்சியில் இருந்த சிவப்பு மறைந்தது. கூரையின் கடைமடை இப்போது உச்சியில் இல்லை; சுவருக்கும் மோட்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது, அங்கேயும் மஞ்சளோடு நின்றுவிட்டது.

கூடத்தின் நடுவில் தூண் நிற்பது பலருக்குப் பிடிக்காது. எனக்கும் முதலில் உறுத்தியது. ஆனால் அசல் வைக்கிங் நீள்வீடுகளே அப்படித்தான் இருந்தன. கூரையின் பாரத்தை உள்ளே இரண்டு வரிசையாக நின்ற தூண்கள் ஏற்றன. அதனால் வீடு நீளவாக்கில் மூன்று பத்திகளாகப் பிரிந்திருந்தது. நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளில், போர்க் என்ற ஊரில் அகழ்ந்தெடுத்த தலைவன் வீடு 83 மீட்டர் நீளம். மண்ணில் தூண்கள் நின்ற குழிகள்தான் அப்படிப்பட்ட வீடுகளின் வடிவத்தை ஆராய்ச்சியாளர்களுக்குக் காட்டிக்கொடுக்கின்றன. இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் நடுத்தூணை எடுத்துவிட்டு, அடுப்புக்கு இரு புறமும் இரண்டு வரிசையாகத் தூண் வைத்தேன். மோட்டுக்கு நேர் கீழே இல்லாவிட்டாலும், கூரையின் பாதி வழியில் ஒவ்வொரு துண்டுக்கும் தரைக்குக் குறுக்குவழி கிடைத்துவிட்டது. நிறமும் நன்றாக வந்தது, கூடமும் அழகாகிவிட்டது.

எந்தப் பொருளை எங்கே

விளையாட்டில் கறுப்புக் காடு என்ற பகுதியில் பைன் மரம் வெட்டினால் கிடைப்பது கோர் வுட் என்ற உறுதியான மரம். மோட்டுத்தூணுக்கு நான் இதைத்தான் சொல்வேன். இதன் முழு அளவு 140, மேலே ஏறும்போது மீட்டருக்கு 10 சதவீதம்தான் குறையும், பக்கவாட்டில் சுமார் 17. உயரம் 24 மீட்டர் வரை போகும். 4 மீட்டர் கட்டைகளாக மூன்றை ஏற்றினால் 140, 83, 49. பன்னிரண்டு மீட்டர் உயரத்தில் 49 மிச்சம்! சாதா மரத்தில் அதே உயரத்தில் 22தான் இருந்திருக்கும். வீடு முழுக்கக் கோர் வுட் தேவையில்லை. தூணும் மோட்டுவளையும் அதில், மற்றதெல்லாம் சாதா மரத்தில் என்றால் போதும்.

கல் வேறு குணம். முழு அளவு 1000, ஆனால் நிற்கவே 100 வேண்டும். நிமிர்ந்து 16 மீட்டர் வரை நிற்கும். பக்கவாட்டில் மீட்டருக்கு 100 சதவீதம் இழப்பு. அதாவது கல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்காது. கல்லில் மேல்தளம் போட முயன்று நொந்துபோனவர்கள் நிறையப் பேர். கல்லைச் சுவருக்கு வைத்துக்கொண்டு தளத்துக்கு மர விட்டம் போடுங்கள்.

அப்படிப் போடும்போது அருமையான ஒன்று நடக்கும். கல்சுவரின் மேல் வைத்த மர விட்டம் நீலமாக மாறும், தரையில் கிடப்பதுபோலவே. காரணம் எளிது. மரத்தின் பானை 100தான் கொள்ளும். எட்டு மீட்டர் உயரத்தில் கல்லிடம் முந்நூறு இருக்கிறது என்றால், அது கொடுப்பதில் வழியில் போனது போக மரத்தின் பானை நிரம்பி வழியும். மரத்துக்கு அது புதுத் தரை. ஆகவே கீழே இரண்டு தளம் கல், மேலே மரம் என்று கட்டினால், மரத்தின் 16 மீட்டர் கல் முடிந்த இடத்திலிருந்து எண்ணத் தொடங்கும். தலைகீழாகச் செய்தால் ஆகாது. கல்லுக்குக் குறைந்தபட்சமே 100. மரத்திடம் அதிகபட்சமே 100, அதிலும் வழியில் குறையும். மரத்தின்மேல் வைத்த கல் உடனே விழும்.

இரும்பு கட்டிய மரம்தான் எல்லாவற்றுக்கும் ராஜா. முழு அளவு 1500, மேலேயும் பக்கவாட்டிலும் மீட்டருக்கு 8 சதவீதத்துக்கும் குறைவு. 50 மீட்டர் வரை ஏறும். கல்லையும் தாங்கும். ஆனால் இரும்பைச் சதுப்புநிலத்துப் பாதாளக் கல்லறைகளில் தோண்டி எடுத்து, கணத்தில் இடம் மாற்றும் மாய வாசல் வழியாக அனுப்ப முடியாமல் படகில் சுமந்து வர வேண்டும். கட்டடக் கல்லை வெட்டித் தரும் மேசைக்கே இரும்பு வேண்டும் என்பதால், முதல் வீடு கட்டுகிறவர்கள் இப்போதைக்கு இதை மறந்துவிடலாம். அதற்கும் பிறகு வரும் கருப்புப் பளிங்கு முதலியவற்றுக்கும் இதே விதிதான், எண்கள் மட்டும் வேறு.

இரும்பு கிடைக்கும்வரை எனக்குப் பெரிதும் உதவியது மண்தான். மண்வெட்டியைக் கொண்டு, கல்லைச் செலவழித்துத் தரையை 8 மீட்டர் வரை உயர்த்தலாம். அப்படி எழுப்பிய மண்தூணும் தரைதான். அதன் உச்சியைத் தொடும் துண்டு நீலம். சுவர் மூலைக்குள் ஒரு மண்தூணை எழுப்பி, சுற்றி மரச்சுவரால் மூடிவிட்டால் வெளியே தெரியாது, வீட்டுக்கு நடுவே ஒரு மலை வந்து நிற்பதுபோல் பலம். பெரிய பாறைகளுக்கும் இதே மதிப்பு உண்டு. செம்புப் பாறைமேல் மட்டும் கட்டாதீர்கள். பின்னால் செம்பு வேண்டும் என்று அதைத் தோண்டுவீர்கள், பாறையோடு வீடும் போய்விடும்.

தரையைத் தொடுவது என்றால் நிஜமாகவே தொட வேண்டும். சரிவான இடத்தில் நான்கு மூலைத் தூணில் ஒன்று, மண்ணுக்கு நாலு விரற்கடை மேலே நிற்கும்; கண்ணுக்குத் தெரியாது. அந்த மூலையின் கூரை மட்டும் ஏன் சிவக்கிறது என்று கூரையையே பார்த்துக்கொண்டிருப்போம். சுத்தியலோடு குனிந்து தூணின் அடியைப் பாருங்கள். நீலமாக இல்லையென்றால் அதற்குக் கீழே இன்னொரு சிறு தூணைச் செருகுங்கள், வேலை முடிந்தது.

மழையையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கூரையில்லாத மரம் மழையில் நனைந்து பழுதாகும், ஆனால் பாதிக்குமேல் பழுதாகாது. மழையால் மட்டும் வீடு விழாது. அது அந்தத் துண்டின் ஆயுள் கணக்கு, தாங்கும் கணக்கு வேறு. சுத்தியலால் தட்டினால் செலவில்லாமல் சரியாகிவிடும். ஆனால் சிவப்பைச் சுத்தியலால் எவ்வளவு தட்டினாலும் பச்சையாகாது.

ட்ரோல் வரும் இரவு

பக்கத்தில் இரண்டாவது தூண் வைத்தால் பலம் கூடாது என்று மேலே சொன்னேன். ஆனாலும் நான் இப்போது எல்லா முக்கியமான இடத்திலும் இரண்டாவது தூண் வைக்கிறேன். காரணம் ட்ரோல் என்ற ராட்சதப் பிராணி.

கறுப்புக் காட்டின் ஓரத்தில் கட்டிய வீட்டுக்கு ஒருநாள் ட்ரோல் வரும். அதன் கையில் இருக்கும் மரத்தடி ஒரே வீச்சில் மூலைத்தூணை உடைக்கும். உடைந்த கணத்தில், அந்தத் தூண் வழியாகத் தரையைப் பிடித்திருந்த ஒவ்வொரு துண்டும் வேறு வழி தேடும். வேறு வழி இருந்தால் நிறம் சற்று மங்கிவிட்டு நிற்கும். இல்லையென்றால் கூரையின் அந்த மூலை, ஒன்றன்பின் ஒன்றாக, சரசரவென்று சரிந்து வரும். வெளியே நின்று பார்த்திருக்கிறேன். தூண் போன ஓரிரு நொடி எல்லாம் அப்படியே நின்றது, பிறகுதான் உச்சியிலிருந்து உதிரத் தொடங்கியது. கட்ட ஒரு மாலை முழுக்க ஆன மூலை அது.

பக்கத்துத் தூண் அந்த நேரத்துக்கான காப்பு. ஒன்று போனாலும் மற்றொன்று அதே அளவைக் கொண்டுவந்து சேர்க்கும், மேலே யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் இரண்டையும் ஒட்டி வைக்காதீர்கள், ஒரே வீச்சில் இரண்டும் போய்விடும். ஒன்றைச் சுவரோடு வைத்தால் மற்றதை 4 மீட்டராவது உள்ளே வையுங்கள். வெளிச்சுவரைச் சுற்றி அகழி வெட்டிவிட்டால் ட்ரோலின் கை சுவர் வரை எட்டாது; அது தனிக் கதை.

பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போதும் இதே கவனம் வேண்டும். சாதா மரத்தூணைக் கோர் வுட்டாக மாற்ற வேண்டும் என்றால், முதலில் பழைய தூணைப் பெயர்க்காதீர்கள். பக்கத்திலேயே புதியதைத் தரையிலிருந்து மேல்விட்டம் வரை முழுதாக எழுப்புங்கள். மேலே உள்ள கூரைத் துண்டைச் சுத்தியலோடு உற்றுப் பாருங்கள். மஞ்சளாக இருந்தது பச்சையாகியிருந்தால் அது புதிய தூணைப் பிடித்துக்கொண்டுவிட்டது. இனி பழையதை எடுக்கலாம். நிறம் மாறவே இல்லையென்றால் புதிய தூண் எங்கேயோ தொடாமல் நிற்கிறது. பெரும்பாலும் தலைப்பக்கம்தான், விட்டத்துக்கும் தூணுக்கும் நடுவில் கையகல இடைவெளி இருக்கும். அதை அடைத்த பிறகு பழைய தூணில் கை வையுங்கள்.